இரண்டடிக் கடல்நீர்த் தொட்டிக்கு எந்த ஃபில்டர்?

என் அக்கா மகன் மார்த்தாண்டத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறான். போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போன் செய்தான். "மாமா, தொட்டி வந்தாச்சு. ஃபில்டர் மட்டும்தான் பாக்கி. கேனிஸ்டர் வாங்கவா, ஸ்கிம்மர் வாங்கவா?"

தொட்டி இரண்டடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். விளிம்பு வரை நிரப்பினால் 88 லிட்டர் பிடிக்கும். கல், மணல், மேலே விடும் இடைவெளி எல்லாம் கழித்தால் தண்ணீர் என்று நிற்பது 70 லிட்டர்தான். அதில் ஒரு ஜோடி க்ளவுன் மீன், கொஞ்ச நாள் கழித்து ஒரு சின்ன கோபி மீன். அவ்வளவுதான் அவன் ஆசை. பவளம் வைக்கும் எண்ணம் இல்லை.

போனில் சொல்லி முடிக்கிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. நாகர்கோவிலில் பன்னிரண்டு வருடமாகக் கடல்மீன் வளர்க்கிறேன், இந்தக் கருவிகளில் பெரும்பாலானவற்றை வாங்கி ஓட்டியும் பார்த்திருக்கிறேன். 50 முதல் 100 லிட்டர் வரை தொட்டி வைத்திருக்கிற, கன்னியாகுமரி மாவட்டத்தில் குடியிருக்கிற ஒருவருக்கு எது சரிவரும் என்று அவனுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஃபில்டர் என்றதும் தண்ணீரைத் தெளிவாக்கும் சாமான் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். தண்ணீர் தெளிவாக இருப்பது கண்ணுக்கு நல்லது. மீனின் உயிரைக் காப்பது வேறு வேலை. மீன் செவுள் வழியாக அமோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும், தின்னாமல் விட்ட தீவனமும் அழுகி அமோனியா ஆகும். அதை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் ஓரளவு ஏறினாலும் மீன் தாங்கும். அமோனியாவைத் தாங்காது. அதிலும் கடல்நீரில் ஆபத்து அதிகம். அமோனியாவில் மீனைக் கொல்வது அயனியாகாத பகுதிதான். நன்னீர்த் தொட்டியில் பி.எச். (தண்ணீரின் அமில-கார அளவு) 7 என்றால் மொத்த அமோனியாவில் அந்தப் பகுதி நூற்றில் ஒரு பங்குகூட வராது. கடல்நீரின் பி.எச். 8.2. அங்கே அது பத்து மடங்குக்கு மேல் போய்விடும். நன்னீரில் ஒரு நாள் தாங்குகிற தப்பு, உப்புத் தண்ணீரில் ஒரு ராத்திரி தாங்காமல் போவது இதனால்தான்.

அடுத்தது காற்று. அந்த பாக்டீரியாவுக்கும் மூச்சு வேண்டும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் வரை பிடித்து வைக்கும். அதே சூட்டில் கடல்நீர் 6.7 மில்லிகிராமுக்கு மேல் பிடிக்காது. சித்திரை, வைகாசியில் நம் ஊர் வீட்டுக்குள் தொட்டி 30 டிகிரியைத் தொடும்போது அது ஏறக்குறைய 6.2 ஆகிவிடும். கடல்நீர்த் தொட்டியில் மீனும் பாக்டீரியாவும் கொஞ்சம் காற்றை வைத்துக்கொண்டு இழுபறியில்தான் குடித்தனம் நடத்துகின்றன.

அதனால் எந்த ஃபில்டரைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: கரண்ட் போனால் இதற்குள் என்ன நடக்கும்? பெட்டியில் அச்சடித்திருக்கும் "மணிக்கு இத்தனை லிட்டர்" எல்லாம் அதற்கு அப்புறம்தான். அந்த எண்ணும் பஞ்சு, மீடியா (பாக்டீரியா குடியிருக்கும் செராமிக் வளையம் போன்றவை) எதுவும் போடாத வெறும் பம்பை வைத்து அளந்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

அவன் முதலில் கேட்டது கேனிஸ்டர், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். மூடி போட்ட டப்பா, உள்ளே தட்டுத் தட்டாக ஸ்பாஞ்சும் செராமிக் வளையமும். குழாய் வழியாகத் தண்ணீர் இறங்கி, பம்ப் மேலே தள்ளிவிடும். சத்தமே கேட்காது. ஸ்டாண்டுக்குள் மறைந்துவிடும், மீடியாவும் நிறையப் போடலாம். நன்னீர்த் தொட்டிக்கு இதைவிட நல்ல ஃபில்டர் இல்லை என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கடல்நீரில் எனக்கு அதன் மேல் இருந்த நம்பிக்கை 2017-ல் போய்விட்டது.

அந்த வருடம் நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் நம் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. ரப்பர், வாழை, மின்கம்பம் என்று சாய்ந்து கிடக்காத ரோடு இல்லை. கடலுக்குப் போனவர்களை எதிர்பார்த்துக் கடற்கரை ஊர்களில் ஜனங்கள் தவித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டு மீன் தொட்டியைப் பற்றி அப்போது வாய்விட்டுச் சொல்லவே கூச்சமாக இருந்தது. எங்கள் தெருவுக்கு ஆறாவது நாள்தான் கரண்ட் வந்தது. என்னிடம் அப்போது மூன்றடித் தொட்டி, அடியில் நல்ல விலை கொடுத்து வாங்கிய கேனிஸ்டர், நான்கு மீன். பெரிய பேட்டரி போடுகிற ஒரு சின்ன ஏர் பம்பை வைத்து, திறந்திருந்த கடைகளில் பேட்டரி தேடி வாங்கி, தீவனத்தை அடியோடு நிறுத்தி, நான்கையும் ஆறு நாள் உயிரோடு வைத்திருந்தேன். கரண்ட் வந்தபோது சந்தோஷத்தில் யாரும் ஸ்டாண்டுக்குள் எட்டிப் பார்க்கவில்லை. கேனிஸ்டர் தானாக ஓடத் தொடங்கியது. குழாயிலிருந்து முதலில் சாம்பல் நிறத்தில் ஒரு புகைபோலத் தண்ணீர் வந்தது, கூடவே அழுகிய முட்டை நாற்றம். அரை மணி நேரத்தில் நான்கு மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சாயங்காலத்துக்குள் எல்லாம் போய்விட்டன.

புயலில் பிழைத்த மீன்களை ஃபில்டர்தான் கொன்றது. மூடிய டப்பாவுக்குள் தண்ணீர் ஓட்டம் நின்றால், உள்ளே இருக்கும் பாக்டீரியா மிச்சமிருக்கிற ஆக்சிஜனைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிடும். பிறகு நல்ல பாக்டீரியா செத்து, காற்றில்லாமல் வாழ்கிற வகை தலையெடுக்கும். அது விடுவதுதான் அந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு நாற்றம். டப்பாவில் அழுக்கு எவ்வளவு தேங்கியிருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் இது நடக்கும். கேனிஸ்டர் வைத்தே தீருவேன் என்கிறவர்கள் இரண்டு காரியம் செய்யுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை திறந்து ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போனால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கரண்ட் வந்ததும் உள்ளே இருக்கும் தண்ணீரைக் கொட்டிக் கழுவிய பிறகே திரும்ப மாட்டுங்கள். வாங்கும்போது பம்பின் சுழலி எதில் கோர்த்திருக்கிறது என்றும் பாருங்கள். செராமிக் கம்பி என்றால் சரி. ஸ்டீல் கம்பி என்றால் கடல்நீரில் சீக்கிரமே துருப்பிடித்து நிற்கும்.

ஹேங் ஆன் ஃபில்டர் தொட்டியின் பின் கண்ணாடியில் தொங்குகிற பெட்டி. தண்ணீரை உறிஞ்சிப் பெட்டிக்குள் விட்டு, மீடியாவைத் தாண்டித் தொட்டிக்குள் சின்ன அருவிபோல் விழ வைக்கும். விழும்போதே காற்று கலக்கும், பெட்டியும் மேலே திறந்துதான் இருக்கும். 70 லிட்டருக்கு 8, 10 வாட் போதும். அவன் தொட்டிக்கு இதை வாங்கினாலும் தப்பில்லை என்றே சொன்னேன். கூடவே வருகிற கார்பன் அட்டையைத் தூக்கி வைத்துவிட்டு, பெட்டி கொள்கிற மட்டும் செராமிக் வளையமும் மேலே ஒரு துண்டு ஃபில்டர் பஞ்சும் போட வேண்டும். பஞ்சை வாரம் ஒரு முறை மாற்ற வேண்டும், வளையத்தைத் தொடக் கூடாது.

இதன் தொல்லை வேறு இடத்தில். சின்னத் தொட்டியில் தினமும் தண்ணீர் ஆவியாகி மட்டம் இறங்கும். வெயில் காலத்தில் மேலே ஃபேன் வைத்துக் குளிர வைக்கிறவர்களுக்கு இன்னும் வேகமாக இறங்கும். மட்டம் இறங்கியிருக்கிற நேரம் பார்த்துக் கரண்ட் போய் வந்தால், பம்ப் பெட்டிக்குள் இருக்கிற சில மாடல்கள் தண்ணீரைத் திரும்ப மேலே இழுக்காது. வெறுமனே கரகரவென்று அரைத்துக்கொண்டிருக்கும். வீட்டில் ஆள் இருந்தால் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிக் கிளப்பிவிடலாம். பகலெல்லாம் பூட்டிக் கிடக்கிற வீடு என்றால் மாலையில் வந்து பார்க்கும்போது பம்ப் கொதித்துக்கொண்டிருக்கும். பம்ப் தண்ணீருக்குள்ளேயே மூழ்கியிருக்கும் மாடலாகப் பார்த்து வாங்கினால் இந்தக் கவலை பெருமளவு இல்லை. தொட்டியின் மேல் உட்காருகிற டாப் ஃபில்டரும் இதே குணம்தான். காற்று நன்றாகக் கலக்கும், விலை குறைவு. ஆனால் உப்பு தெறித்து, மூடியிலும் லைட்டிலும் வெள்ளையாகப் பூத்துவிடும். மணலுக்கு அடியில் தட்டு வைக்கிற பழைய அண்டர் கிராவல் முறையைக் கடல்நீர்த் தொட்டிக்கு இன்று யாரும் எடுக்க வேண்டியதில்லை. அடியில் சேருகிற கசடை எடுக்க வழியே கிடையாது.

ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் பார்த்தால் குழந்தைகள் விளையாட்டுச் சாமான் மாதிரிதான் இருக்கும். ஒரு கறுப்பு ஸ்பாஞ்ச், ஒரு குழாய், மேலே ஏர் பம்ப். சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். நான் இதை மனதாரச் சிபாரிசு செய்கிறேன், ஆனால் தனியாக அல்ல. இதற்கு வேண்டிய கரண்ட் 3 முதல் 5 வாட். கரண்ட் போனால் தானாகப் பேட்டரிக்கு மாறும் ஏர் பம்பில் மாட்டிவிட்டால், வீட்டில் எல்லாம் நின்ற பிறகும் இது ஓடும். குமிழி மேற்பரப்பில் உடைந்து உப்புத் துளி தெறிக்கும், ஸ்பாஞ்சும் பார்க்க அழகில்லை. அதைக் கல்லுக்குப் பின்னால் தள்ளி வைத்துக்கொள்ளலாம். முதல் ஃபில்டர் எதுவானாலும் இரண்டாவது ஃபில்டர் இதுதான் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறவர்கள் பம்பை அதில் போட்டுக்கொள்ளலாம். சைன் வேவ் இல்லாத பழைய இன்வெர்ட்டரில் பம்ப் ஹம்மென்று முனகிச் சூடாகும், அதை மட்டும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

இனி ஸ்கிம்மர். கடல்நீர்த் தொட்டிக்கே உரிய கருவி இது. ஆடி மாதம் முட்டத்துப் பாறைகளில் அலை அடித்துத் திரும்பியதும், பாறை இடுக்குகளில் பழுப்பாக ஒரு நுரை தேங்கி நடுங்கிக்கொண்டு நிற்கும், பார்த்திருப்பீர்கள். கடலில் கரைந்திருக்கிற புரதம், பாசிச்சாறு, கழிவு இவற்றுக்கெல்லாம் காற்றும் தண்ணீரும் சந்திக்கிற இடத்தில் ஒட்டிக்கொள்கிற குணம் உண்டு. அலை குமிழியை உண்டாக்க, குமிழியைச் சுற்றி அது ஒட்டி, நுரையாக மேலே வருகிறது. ஸ்கிம்மர் செய்வதும் அதேதான். ஒரு நீளக் குழாய்க்குள் பொடிப்பொடியாகக் குமிழி விட்டு, மேலேறும் நுரையை ஒரு கிண்ணத்தில் பிடித்துவிடும். நன்னீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிவிடுவதால் நுரை நிற்காது. உப்புத் தண்ணீரில் குமிழி பொடியாகவே இருக்கும். மற்ற ஃபில்டர்கள் அழுக்கைப் பிடித்துத் தொட்டித் தண்ணீருக்குள்ளேயே வைத்திருக்கின்றன, அது அங்கேயே அழுகும். ஸ்கிம்மர் ஒன்றுதான் அழுக்கை அமோனியா ஆகும் முன்பே தண்ணீரைவிட்டு வெளியே எடுக்கிறது. காற்றும் சேர்ந்து கலக்கிறது. ஒரு வாரம் கழித்துக் கிண்ணத்தைக் கழற்றினால் கட்டன் சாயா நிறத்தில், மூக்கைப் பொத்த வைக்கிற திரவம் நிற்கும். அத்தனையும் தொட்டியில் இருந்தது என்று நினைத்தால் அந்தக் கருவி மேல் மரியாதை வந்துவிடும்.

அப்படியானால் அதையே வாங்கச் சொல்ல வேண்டியதுதானே? 70 லிட்டர் தொட்டியில் நான் தயங்குவதற்குக் காரணங்கள் உண்டு. சின்ன ஸ்கிம்மர்கள் தண்ணீர் மட்டத்துக்கு மிகவும் கட்டுப்பட்டவை. ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் நுரை ஏறாது, நிரப்பும்போது கொஞ்சம் கூடிவிட்டால் கிண்ணம் வழியும். புதிதாக வாங்கியதும் ஒன்றிரண்டு வாரம் பழக வேண்டும், அதுவரை தொட்டி முழுக்கக் குமிழி பறக்கும். குமிழி விட மரக்கட்டை ஏர் ஸ்டோன் போடுகிற மலிவு மாடல்களில் அந்தக் கட்டை சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், மாதா மாதம் மாற்ற வேண்டும். அப்புறம் நம் வீடுகளில் ஒரு விசேஷம், தேங்காய் எண்ணெய். தலையில் எண்ணெய் தேய்த்த கையோடு தொட்டிக்குள் ஒரு கல்லை நகர்த்திப் பாருங்கள், கழுத்து வரை ஏறி நின்ற நுரை கண்ணெதிரே விழுந்து, குழாய்க்குள் வெறும் தண்ணீராக நிற்கும். திரும்ப ஏற அரை நாள்கூட ஆகும். எண்ணெய் நுரையை உடைத்துவிடுகிறது. சமையலறைக்குப் பக்கத்தில் தொட்டி வைத்திருக்கிறவர்கள் மீன் பொரித்த அன்று இதைக் கவனிக்கலாம்.

இவற்றையெல்லாம்விட என்னைத் தயங்க வைப்பது கடலின் அருகாமை. கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ இருக்கிறவர் ஒவ்வொரு லிட்டர் தண்ணீருக்கும் 35 கிராமுக்குக் குறையாமல் உப்பு வாங்கிக் கலக்க வேண்டும். அவருக்குத் தண்ணீர் மாற்றுவது செலவு, ஸ்கிம்மர் அந்தச் செலவைக் குறைக்கிறது. நமக்கு எந்தப் பக்கம் போனாலும் கடல். வாரம் 10 லிட்டர் மாற்றினால் 70 லிட்டரில் ஏழில் ஒரு பங்கு வெளியே போகிறது. கணக்கு எளிது. இரண்டு மூன்று சின்ன மீன் இருக்கிற தொட்டியில் வாரத்துக்கு 3 பி.பி.எம். (லிட்டருக்கு 3 மில்லிகிராம்) நைட்ரேட் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், ஏழில் ஒரு பங்கை வாராவாரம் மாற்றிக்கொண்டே வந்தால் அது 21-ல் வந்து நின்றுவிடும், அதற்கு மேல் ஏறாது. பவளம் இல்லாத, மீன் மட்டும் இருக்கிற தொட்டிக்கு அது தாராளம்.

ஆனால் கடல்நீர் என்று கரையில் நின்று வாளியில் கோரிவரக் கூடாது. முட்டத்தில் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தருகிற அண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டார்: "கரையில கோரின தண்ணி வேண்டாம் மக்கா. பத்துப் பாகம் ஆழத்துக்கு வள்ளம் போவும்போ நான் எடுத்துத் தாறேன்." (ஒரு பாகம் என்பது ஏறக்குறைய ஆறடி.) துறைமுகத்துக்குள் டீசலும் மீன் கழிவும் கலந்திருக்கும். மணக்குடியில் பழையாறும் தேங்காய்ப்பட்டினத்தில் குழித்துறை ஆறும் கடலில் சேருகின்றன. மழைக்காலத்தில் இந்த ஆற்று முகங்களுக்குப் பக்கத்தில் எடுத்தால் உப்பு குறையும், வயல் உரமும் சேர்ந்து வரும். ஆனி, ஆடியில் மேற்குக் கடல் கலங்கிக் கிடக்கும், எடுக்கவே வேண்டாம். பாறையில் இறங்கிக் கேனை நிரப்பவும் முயலாதீர்கள். முட்டத்துப் பாறைகளில் அலை ஆளை இழுத்துக்கொண்டு போன கதைகள் அந்த ஊரில் எல்லா வீட்டிலும் உண்டு.

கொண்டுவந்த தண்ணீரைத் துணியில் வடிகட்டி, மூடியுள்ள உணவுத்தர டிரம்மில் இருட்டில் இரண்டு வாரம் வைத்தால் மிதக்கிற நுண்ணுயிர்கள் செத்து அடியில் படிந்துவிடும். மேலாக எடுத்து, ஒரு நாள் ஏர் ஸ்டோன் போட்டு, உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35 இருக்கிறதா என்று பார்த்து ஊற்றலாம். இரண்டு டிரம் வைத்துக்கொண்டால் கடல் கலங்கும் மாதங்களைத் தாண்டிவிடலாம், போதாவிட்டால் அந்த நாட்களுக்கு மட்டும் ஒரு பாக்கெட் உப்பு. ஆவியாகிப் போனதை ஈடுகட்ட ஊற்றுவது மட்டும் எப்போதும் நல்ல தண்ணீர். உப்பு ஆவியாவதில்லை, அது தொட்டியிலேயேதான் இருக்கிறது.

குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் இருந்து அடிக்கடி கடற்கரைக்கு வர முடியாதவர்கள், வேலை நிமித்தம் வாரக்கணக்கில் வெளியூர் போகிறவர்கள், 100 லிட்டருக்கு மேல் நிறைய மீன் விடுகிறவர்கள், இவர்களுக்கு ஸ்கிம்மர் கட்டாயம் வேண்டும். அவர்கள் பம்பில் ஓடும் மாடலாக வாங்கட்டும்.

மணலைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஃபில்டரைக் கெடுப்பதில் அதற்குப் பங்கு உண்டு. நம் கடற்கரை மணலில் இல்மனைட், கார்னெட், மோனசைட், சிர்கான் எல்லாம் கலந்திருக்கின்றன. மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை இருப்பதே அந்தக் கருமணலுக்காகத்தான். என் முதல் தொட்டியில் அழகாக இருக்கிறதே என்று அதைத்தான் போட்டேன். பத்தே நாளில் பம்ப் சத்தம் மாறியது. கழற்றிப் பார்த்தால் சுழலியைச் சுற்றிக் கறுப்பாகத் தாடி முளைத்த மாதிரி மணல். சுழலி ஒரு காந்தம், கருமணலில் காந்தத்துக்கு ஒட்டுகிற துகள்கள் இருக்கின்றன, வேறென்ன நடக்கும்! கண்ணாடி துடைக்கிற காந்த பிரஷிலும் அதே துகள் ஒட்டி, முன் கண்ணாடியில் வளைவு வளைவாகக் கீறல் போட்டுவிட்டது. அந்தக் கீறல் இன்னும் இருக்கிறது. கடையில் கிடைக்கும் அரகோனைட் மணலோ, நன்றாகக் கழுவிய சிப்பித் தூளோ போடுங்கள். இரண்டும் சுண்ணாம்புச் சத்து, பி.எச். இறங்காமல் பிடிக்கவும் உதவும்.

கடல்நீர்த் தொட்டியில் பாதி ஃபில்டர் வேலையைச் செய்வது கல். நுண்துளைகள் நிறைந்த கல்லுக்குள்தான் பாக்டீரியா குடியேறுகிறது. வெளிநாட்டு வீடியோக்களில் கடலிலிருந்து எடுத்த உயிர்ப் பாறையைப் போடுகிறார்கள். அதைப் பார்த்து இங்கே யாரும் பவளப் பாறையைத் தேட வேண்டாம். பாறை கட்டும் பவளங்கள், கடல்விசிறி, கடல்குதிரை எல்லாம் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் 2001-ல் சேர்க்கப்பட்டவை. எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். யாராவது ரகசியமாகக் கொண்டுவந்து தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது மன்னார் வளைகுடாவின் ஒரு துண்டு. செராமிக்கில் செய்த உலர்ந்த கல் கிடைக்கிறது. அதில் பாக்டீரியா பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், அவ்வளவுதான் வித்தியாசம். மீனையும் பண்ணையில் குஞ்சு பொரித்ததாகக் கேட்டு வாங்குங்கள். பக்கத்தில் விழிஞத்தில் இருக்கிற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்திலேயே க்ளவுன் மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்திருக்கிறார்கள். கடலிலிருந்து பிடித்து வந்தே ஆக வேண்டிய மீன் அல்ல அது.

இனி சம்ப். தொட்டிக்குக் கீழே இன்னொரு தொட்டி, மேலிருந்து வழிகிற தண்ணீர் அதில் இறங்கி, பஞ்சு, மீடியா, ஸ்கிம்மர் எல்லாம் தாண்டி பம்ப் வழியாகத் திரும்ப ஏறும். பெரிய தொட்டிக்கு இதற்கு ஈடு இல்லை. தண்ணீரின் மொத்த அளவும் கூடுகிறது. ஆனால் கண்ணாடியில் துளை போட வேண்டும். கரண்ட் போனதும் மேல் தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்கும், அதற்குக் கீழே இடம் விட்டிருக்க வேண்டும். இரண்டடித் தொட்டியில் இரண்டு சென்டிமீட்டர் இறங்கினாலே நாலரை லிட்டருக்கு மேல். திரும்பும் குழாயில் மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்ன ஓட்டை போட மறந்தால் அது பாட்டுக்கு உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மாடியில் வாடகைக்கு இருக்கிறவன் கீழ்வீட்டுக் கூரையில் உப்புத் தண்ணீரை இறக்கினால் என்ன ஆகும்? கரண்ட் கணக்கும் உண்டு. 10 வாட் பம்ப் இரண்டு மாதம் இரவு பகலாக ஓடினால் 14.4 யூனிட். சம்ப் பம்பும் ஸ்கிம்மரும் சேர்ந்து 50 வாட் என்றால் 72 யூனிட். அந்த வாட்டில் பெரும்பங்கு சூடாகத் தண்ணீருக்குள்தான் இறங்கும், நமக்கோ ஏற்கெனவே 30 டிகிரி.

சம்பின் நல்ல குணத்தைத் துளை போடாமலே பெற ஒரு வழி இருக்கிறது, என் அக்கா மகனுக்கு நான் சொன்னது அதைத்தான். தொட்டிக்குள்ளேயே ஒரு ஓரத்தில் ஐந்து அங்குலம் விட்டுக் கண்ணாடித் தடுப்பு ஒட்டி, அந்தச் சந்தை மூன்று அறையாகப் பிரிப்பது. தடுப்பின் மேல் ஓரத்தில் சீப்புப் பல்போல் வெட்டி, அதன் வழியே தண்ணீர் முதல் அறைக்கு வழியும். அங்கே பஞ்சு. இரண்டாவது அறையில் செராமிக் மீடியா. மூன்றாவதில் மணிக்கு 600 லிட்டர் தள்ளுகிற ஒரு சின்ன பம்ப், அது திரும்பத் தொட்டிக்குள் விடும். கரண்ட் போனால் ஒன்றும் வழியாது, ஏனென்றால் எல்லாம் ஒரே தொட்டி. மீடியா திறந்த தண்ணீரில் இருக்கிறது. பேட்டரி ஏர் பம்பின் குழாயை இரண்டாகப் பிரித்து, ஒரு ஸ்டோனை மீடியாவுக்கு அடியிலும் ஒன்றைத் தொட்டியிலும் போட்டுவிட்டால் பாக்டீரியாவும் மீனும் சேர்ந்தே பிழைக்கும். ஆவியாதலும் பம்ப் அறையில் மட்டும்தான் தெரியும். மட்டம் ரொம்ப இறங்கினால் பம்ப் காற்றை உறிஞ்சிச் சலசலக்கும், வீட்டில் இருக்கிற யாருக்கும் காது கேட்கும். பிற்பாடு ஸ்கிம்மர் வேண்டுமென்றால் நடு அறையில் இறக்கிக்கொள்ளலாம், அங்கே மட்டம் மாறாது என்பதால் அதுவும் ஒழுங்காக ஓடும். நஷ்டம் என்னவென்றால் மீன் நீந்துகிற இடத்தில் ஐந்து அங்குலம் போகிறது. இரண்டடியில் அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். ஏற்கெனவே தண்ணீர் நிரப்பி மீன் விட்டுவிட்டவர்கள் இதற்காகத் தொட்டியைக் காலி செய்ய வேண்டாம், ஹேங் ஆன் ஃபில்டரும் ஸ்பாஞ்சும் வைத்துக்கொண்டு வாராவாரம் தண்ணீர் மாற்றினால் போதும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மார்த்தாண்டம் போனேன். கண்ணாடிக் கடையில் தடுப்புகளை வெட்டி, ஓரத்தைத் தேய்த்து வாங்கி வைத்திருந்தான். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிகானாகப் பார்த்து எடுத்திருந்தான், அது ரொம்ப முக்கியம். மதியத்துக்குள் மூன்று தடுப்பும் ஒட்டி முடித்தோம். சிலிகானின் காடி நெடி வீடு முழுக்க அடித்தது. அது அடியோடு போகும்வரை, குறைந்தது ஒரு வாரம், தண்ணீர் ஊற்றக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். "ஸ்கிம்மர் மாமா?" என்று வாசல்வரை வந்து கேட்டான். அடுத்த ஆடி வரட்டும் என்றேன். கடல் கலங்குகிற இரண்டு மாதத்தை இரண்டு டிரம் தண்ணீரில் ஓட்டிவிட்டு நைட்ரேட்டை அளந்து பார்ப்போம், 40-க்கு மேல் போயிருந்தால் நானே வாங்கித் தருகிறேன்.